வீட்டிலேயே படிக்கும் மூன்று பிள்ளைகள், வீட்டுக்காரம்மாவுக்குக் கீமோ: பாடத்தை எப்படி ஓட்டுவது?

மளிகைக்கடை_காரைக்குடி கேட்டது:

வணக்கம். பிள்ளைகள் மூன்று பேர்: பெரியவள் 13, பையன் 10, சின்னவள் 6. பெரியவர்கள் இருவரும் பள்ளியை விட்டு நாலு வருஷம் ஆகிறது, சின்னவள் போனதே இல்லை. பாடம் சொல்லித் தருவது முழுக்க என் மனைவி. நான் காலை 7 மணிக்குக் கடை திறந்தால் இரவு 9 மணிக்குத்தான் வீடு. மதியம் 2 முதல் 4 வரை கடையில் ஆள் நடமாட்டம் குறைவு.

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தாயிற்று. அடுத்து மதுரையில் கீமோ. ஏ.சி. என்கிற மருந்து 21 நாளுக்கு ஒரு தடவையாக 4, பிறகு பாக்லிடாக்செல் வாரம் ஒன்றாக 12, கடைசியில் ரேடியேஷன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இருப்பது பழைய பங்கு வீடு. முகப்பும் வளவும் (நடு முற்றம்) எங்கள் புழக்கத்தில், பின்கட்டில் பாதி பூட்டிக் கிடக்கிறது. என் அம்மா கூட இருக்கிறார், வயது 70. சமையல் அவர் பார்த்துக்கொள்வார், பாடம் முடியாது.

தெரிய வேண்டியது: இந்த ஏழெட்டு மாதத்துக்குப் பாடத்தை எப்படிப் பிரிப்பது? பெரியவளின் பரீட்சைக் கணக்கு என்ன? பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது எதில் கவனம் வேண்டும்? சொந்தக்காரர்கள் எல்லோரும் “உடனே பள்ளிக்கூடத்தில் போடு” என்கிறார்கள், அது சரியா? ஆறுதல் நிறையக் கிடைத்துவிட்டது. செய்முறை சொன்னால் போதும்.

கீமோ_வார்டு_சிஸ்டர் எழுதியது:

அண்ணே, முதல்ல காலண்டரைக் கழற்றி வைங்க. ஏ.சி. ஓடுற நாலு சுற்றுக்கும் உங்க வீட்டுல திங்கள், செவ்வாய் கிடையாது. 1 முதல் 21 வரை நாள் எண்தான். மருந்து ஏறுற நாள் 1. பாடமும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஓடணும்.

1 முதல் 3: வாந்தி வராம இருக்க டெக்ஸா கொடுப்பாங்க, அது ஸ்டீராய்டு. முகம் சிவக்கும், ராத்திரி தூக்கம் வராது, விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து அலமாரி ஒதுங்க வைக்கத் தோணும். “நல்லாத்தான் இருக்கேன், புதுப் பாடம் ஆரம்பிக்கிறேன்”னு சொல்லுவாங்க. விடாதீங்க. அது கடன் வாங்கின தெம்பு. டெக்ஸா நின்னதும் 4, 5ஆம் நாள் ஆளைச் சாய்ச்சிடும். அப்ப பிள்ளை வந்து “நேத்து ஆரம்பிச்சியே”ன்னு நோட்டோட நிக்கும்.

4 முதல் 6: படுக்கைதான். மணம் ஆகாது. மிளகாய் வறுக்கிறது, சோம்பு தாளிக்கிறது எல்லாம் இந்த மூணு நாள்ல முகப்பு வரைக்கும் வரக் கூடாது. மசாலா அரைக்கிற வேலையை உங்க அம்மாவை முந்தின சுற்றோட 18, 19ஆம் நாள்லயே முடிச்சு வைக்கச் சொல்லுங்க.

7 முதல் 14: ஏமாத்துற வாரம் இதுதான். ஆள் தெளிவா இருப்பாங்க, ரத்தம் தெளிவா இருக்காது. வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்குற நேரம். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, ஊர்லேர்ந்து பார்க்க வர்ற கூட்டம், கல்யாண வீடு எல்லாத்தையும் இந்த எட்டு நாளுக்கு நிறுத்திடுங்க. நம்ம ஊர்ல பார்க்க வரலைன்னா குறையாப் போயிடும்னு வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. சொந்தத்துல வாய் உள்ள ஆள் ஒருத்தரைப் பிடிச்சு, “15ஆம் நாளுக்கு மேல வாங்க”ன்னு போன்ல சொல்ற வேலையை அவங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க.

15 முதல் 21: நல்ல வாரம். அம்மா பாடம் நடத்தணும்னா இப்பத்தான். 19 இல்ல 20ஆம் நாள் காரைக்குடியிலேயே சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட்) எடுத்து ரிப்போர்ட்டை வார்டுக்கு அனுப்பிடுங்க. ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கையில ரத்தம் எடுக்கக் கூடாது, பி.பி. பட்டையும் கட்டக் கூடாதுன்னு லேப்ல முதல்லயே சொல்லணும். நியூட்ரோபில்ங்கிற வெள்ளையணு எண்ணிக்கை 1500க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்க. அதனாலதான் தேதி எழுதாதீங்கன்னு சொல்றேன். தேதி போட்ட டைம்டேபிள் ரெண்டாவது சுற்றுலயே கிழிஞ்சிடும்.

காய்ச்சல்: டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு வாங்குங்க. 100.4 டிகிரி ஒரே ஒரு தடவை காட்டினாலும் அவசரம், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் போன் போட்டுட்டுக் கிளம்பிடணும். அக்குள்ல வச்சா உள் சூட்டை விட அரை டிகிரியிலேர்ந்து ஒரு டிகிரி வரைக்கும் குறைச்சுக் காட்டும்கிறதையும் சேர்த்துக்குங்க. டாக்டரைக் கேக்காம பாராசிட்டமால் கொடுக்காதீங்க. காய்ச்சல் இறங்கும், உள்ளே கிருமி ஏறிக்கிட்டே இருக்கும், நாம தூங்கிடுவோம். மதுரைக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியை உங்க ஊர்லயே எங்கே போட முடியும்னு இப்பவே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கி வைங்க. போன உடனே சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “கீமோ ஓடுது, இன்னைக்கு 10ஆம் நாள், காய்ச்சல்.” பெரியவளும் பையனும் இதை மனப்பாடமாச் சொல்லணும், 108ம் தெரியணும். நீங்க கடையில இருக்கற நேரத்துலதான் இதெல்லாம் வரும்.

ஏ.சி.யில இருக்கிற சிவப்பு மருந்து ஏறினா ஒண்ணு ரெண்டு நாள் சிறுநீர் சிவப்பாப் போகும். பிள்ளைங்க பார்த்தா ரத்தம்னு அலறும். முன்கூட்டியே சொல்லிடுங்க. மருந்து ஏறின பிறகு 48 மணி நேரம் அவங்களுக்குத் தனிக் கழிவறை, பிள்ளைங்களுக்கு வேற. ஒண்ணுதான்னா ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாளி ஊத்தணும். வாந்தி துடைக்கிறவங்க கையுறை போடணும், அந்தத் துணியைத் தனியா அலசணும். சின்னவ வந்து கட்டிப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது, அதுக்குத் தடை போடாதீங்க.

பின்கட்டு விஷயம். பூட்டிக் கிடக்கிற அறையை இந்த வருஷம் திறக்கவே வேண்டாம். வௌவால், புறா எச்சமும் நனைஞ்ச சுண்ணாம்பும் கிளறினா பூஞ்சை பறக்கும், வெள்ளையணு இல்லாத ஆளுக்கு அது நேரா நுரையீரலுக்குப் போகும். “வீடு சுத்தமா இருக்கட்டும்”னு கீமோவுக்கு முன்னாடி வெள்ளையடிக்க ஆரம்பிக்கிற வீடு நிறைய. ஓடு மாத்துறது, மரம் இழைக்கிறது எல்லாத்தையும் தள்ளி வைங்க.

வாய்ப்புண் வந்தா ஆறின ஒரு லிட்டர் வெந்நீர்ல ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. நாளைக்கு நாலைஞ்சு தடவை கொப்பளிச்சுத் துப்பணும். இதைக் கலக்கி வைக்கிற வேலை பையனுக்கு, அளக்கிறதும் ஒரு பாடந்தானே.

கடைசியா அம்மை, முக்கியமா சின்னம்மை. பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுக்கோ அம்மை போட்டிருந்தா நம்ம வழக்கப்படி வேப்பிலை கட்டிட்டு வெளியே சொல்லாம இருப்பாங்க. உங்க வீட்டுல அது நடக்கக் கூடாது. நெருங்கிப் பழகினது தெரிஞ்ச அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லணும். அதுக்கு இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசி உண்டு, வழக்கமான தடுப்பூசி இல்ல. அதை எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ அவ்வளவு நல்லது.

வளவுப்பள்ளி எழுதியது:

சிஸ்டர் சொன்ன 21 நாள் சக்கரத்தையே பாடத்துக்கும் அச்சாக வையுங்கள். நடைமுறையில் மூன்று துணிப்பை போதும். மஞ்சப்பையே போதும்.

முதல் பை, 1 முதல் 6ஆம் நாள் வரை. இதில் யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத வேலை மட்டும்: படித்த பாடத்தைத் திரும்ப வாசித்தல், கையெழுத்து, வாய்ப்பாடு, வரைபடத்தில் ஆறுகளுக்கு நிறம் தீட்டுவது, சின்னவளுக்குப் புள்ளிக் கோலம். இரண்டாவது பை, 7 முதல் 14 வரை. ஏற்கெனவே தெரிந்த கணக்கில் பயிற்சி, அதைத் திருத்துவது நீங்கள். மூன்றாவது பை 15 முதல் 21 வரை, புதுப் பாடம், அம்மாவோடு. அடுத்த சுற்றின் பைகளை 17, 18ஆம் நாளில் அவர் நிரப்பட்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு: புத்தகம், பக்க எண், எத்தனை கணக்கு. “பின்னம் படி” என்று எழுதினால் எந்தப் பிள்ளையும் படிக்காது. “பக்கம் 34, 1 முதல் 6” என்று எழுத வேண்டும்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு, பையைத் திணிப்பது. ஆறு நாளுக்குப் பத்து வேலை போட்டு நாலு முடிந்தால் பிள்ளை தோற்றுப்போனதாக நினைக்கும், அம்மா அதைவிட. நாலே போடுங்கள். முடித்துவிட்டு விளையாடட்டும்.

பாடங்களை வெட்டுங்கள். பையனுக்குக் கணக்கு அரை மணி, தமிழ் வாசிப்பு 20 நிமிடம், ஆங்கிலம் 20 நிமிடம். சின்னவளுக்கு 15 நிமிடமாக மூன்று. அவ்வளவுதான். அறிவியலும் சமூக அறிவியலும் நல்ல வாரத்துக்கு. ஐந்தாம் வகுப்பு அறிவியலில் ஆறு மாதம் பின்தங்கினால் ஒன்றும் கெடாது, மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். கணக்கும் வாசிப்பும் மட்டும் அறுந்தால் ஒட்டுவது கஷ்டம்.

கணக்கு உங்கள் பொறுப்பு. மதியம் 2 முதல் 4 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பையன் நோட்டோடு கடைக்கு வரட்டும். தராசும் பில் புத்தகமும் இருக்கிற இடத்தில் தசமம் கற்றுத் தர வேறென்ன வேண்டும்? துவரம்பருப்பு கிலோ 164 ரூபாய் என்றால் 750 கிராம் எவ்வளவு? முதலில் நாலில் ஒரு பங்கு 41, அதை மூன்றால் பெருக்கி 123 என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு 0.75ஆல் பெருக்கித் தாளில் சரிபார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி எட்டு. கால்குலேட்டர் கடைசியில். தேதி முடியப்போகும் பாக்கெட்டுகளைப் பிரிக்கச் சொல்லுங்கள், நாட்கணக்கு வரும்.

புத்தகம் இல்லை என்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் எல்லா வகுப்புக்கும் பி.டி.எஃப். இலவசம். ஐந்தாம் வகுப்பு மூன்று பருவமாக வரும். ஒரு பருவத்தின் கணக்கை மட்டும் அச்செடுங்கள், மொத்தத்தையும் எடுத்தால் கட்டைப் பார்த்தே மலைப்பு வரும். பாடநூலில் உள்ள கியூ.ஆர். கட்டத்தைப் போனில் காட்டினால் வீடியோ வரும். பத்து வயதுக்கு உதவும். ஆறு வயதுக்கு உதவாது, அது வெறும் பொம்மைப்படம்.

அம்மாவுக்கு என்ன வேலை? கீமோவில் மறதி வரும். தெரிந்த சொல்லே நாக்கில் வராது, கூட்டல் திருத்தும்போது தப்பு விழும். அதனால் திருத்தும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். வளவில் கட்டில் போட்டுப் படுத்தபடி 15 நிமிடம் கதை வாசிப்பது அவரால் முடியும். வாய்ப்புண் வந்தால் தலைகீழாக மாற்றுங்கள்: பிள்ளை வாசிக்க, அவர் கேட்கட்டும். வளவு நல்ல இடம். மேலே திறந்திருக்கிறது, காற்று வருகிறது, யார் தும்மினாலும் அறைக்குள் தேங்காது.

இனி பெரியவள். அவளை டீச்சராக்காதீர்கள். வீட்டில் மூத்த பெண் என்றால் அடுப்படி, தம்பி பாடம், தங்கை தலை பின்னுவது, அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் ஒரே வாரத்தில் அவள் மேல் ஏறிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லையை எழுதி ஒட்டுங்கள்: தங்கைக்கு தினமும் 20 நிமிடம் வாசித்துக் காட்டுவது அவளுடையது. மாத்திரை அவளுடையது அல்ல. கணக்குத் திருத்துவது அவளுடையது அல்ல.

அவளுக்கு மட்டும்தான் பரீட்சைக் கடிகாரம் ஓடுகிறது, ஆனால் அதுவும் மெதுவாகத்தான். இரண்டு வழி உண்டு. மாநில வழி என்றால் 12½ வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும், 14½ முடிந்தால் பத்தாம் வகுப்பு நேரடித் தனித்தேர்வும் எழுதலாம். பத்துக்கு அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிந்து பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும். பலர் அதைக் கோட்டைவிட்டு, கடைசியில் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பார்கள். இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி: 14 முடிந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், தமிழ் வழியும் உண்டு. ஐந்து பாடம் எடுக்க வேண்டும், ஆனால் ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருஷம் செல்லும், ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்-மே ஒரு தேர்வு, அக்டோபர்-நவம்பர் ஒரு தேர்வு. பாடத்துக்கு 33 எடுத்தால் தேர்ச்சி. வீட்டில் எழுதி அனுப்பும் டி.எம்.ஏ. ஒப்படைப்புகளுக்கு 20 சதவீதம், அதை விட்டுவிடாமல் தேதிக்குள் ஏற்ற வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு என்.ஐ.ஓ.எஸ். பொருந்தும் என்பது என் எண்ணம், காரணம் அந்த ஐந்து வருஷம். ஆனால் சிகிச்சை நடக்கும்போது எதிலும் பதியாதீர்கள். இந்த ஏழெட்டு மாதம் அவளுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கில் அடித்தளம் கெட்டியானால் போதும்.

ஐந்தாம்வகுப்பு_சார் எழுதியது:

எல்லோரும் வீட்டுக்கல்விக்கே வழி சொல்கிறார்கள், மறுபக்கத்தை நான் சொல்கிறேன். சின்னவர்கள் இருவரையும் பக்கத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்ப்பதைக் கடைசி வழியாக நினைக்க வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். நடு வருஷம், டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பையன் முன்பு பள்ளியில் இருந்ததால் எமிஸ் எண் (கல்வித்துறைப் பதிவில் மாணவருக்கான எண்) இருக்கும். பழைய பள்ளி அதைக் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தாமதம் அங்கேதான் வரும், எனவே பழைய தலைமையாசிரியரிடம் முதலில் போய்க் கேளுங்கள். சின்னவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, பிறப்புச் சான்றும் ஆதாரும் கொண்டுபோனால் போதும்.

யாரும் யோசிக்காத ஒரு லாபம் சாப்பாடு. 1 முதல் 5 வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்துவிட்டது. மதிய உணவு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பிள்ளைக்கு, இரண்டு வேளை. 70 வயது அம்மா ஒருவர் அடுப்படியில் நிற்கும் வீட்டில் அது சின்ன விஷயமா? காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை வீடும் அமைதியாக இருக்கும்.

கீமோ_வார்டு_சிஸ்டர் எழுதியது:

சார் சொல்ற சாப்பாட்டுக் கணக்கு எனக்குத் தோணவே இல்ல, அது சரிதான். ஆனா ஏ.சி. ஓடுற முதல் 12 வாரம் வேண்டாம்கிறது என் கருத்து. நாலு வருஷம் வீட்டுலயே இருந்த பிள்ளை முதல் தடவை 30 பிள்ளைங்களோட உட்கார்ந்தா முதல் ரெண்டு மாசம் சளி, காய்ச்சல்னு மாறி மாறி வாங்கிட்டு வரும். அது சரியா அம்மாவோட 7 முதல் 14க்குள்ள வந்து விழுந்தா சுற்றே தள்ளிப் போகும்.

வாராந்திர பாக்லிடாக்செல்ல வெள்ளையணு பொதுவா அவ்வளவு இறங்காது. பள்ளிக்கூடம்னா அப்ப சேருங்க.

ஐந்தாம்வகுப்பு_சார் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் எமிஸ் வேலையை இப்போதே முடித்து வைத்துவிட்டு, சேர்க்கையை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மையோ பொன்னுக்குவீங்கியோ வந்தால் அன்றே உங்களுக்குப் போன் வர வேண்டும். மறைத்தால் அது நடக்காது. பிள்ளை வீடு வந்ததும் கை, கால், முகம் கழுவி, சட்டை மாற்றிவிட்டு அம்மாவிடம் போகட்டும்.

மளிகைக்கடை_காரைக்குடி எழுதியது:

பைகள் தைக்கக் கொடுத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, பாக்லிடாக்செலும் ரேடியேஷனும் வரும்போது இந்த 21 நாள் கணக்கு என்ன ஆகும்? மற்றொன்று, செலவு. காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்கவில்லை.

கீமோ_வார்டு_சிஸ்டர் எழுதியது:

பாக்லிடாக்செல் வந்ததும் சக்கரம் ஏழு நாளாச் சுருங்கிடும். மருந்து ஏறுற நாள் மதுரைக்கே போயிடும். அடுத்த ரெண்டு மூணு நாள் கை கால் குடைச்சல், மிச்ச மூணு நாள் பரவாயில்ல. அதனால மூணு பை வேண்டாம், ரெண்டு போதும். ஒரு வாரத்துல அம்மா பாடம் நடத்துற நாள் மூணுக்கு மேல வைக்காதீங்க.

இதுல பார்க்க வேண்டியது பாதம். ஆறேழு ஊசிக்கு மேல விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துப் போகலாம். உங்க வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல்லாத்தான் இருக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சுத் துடைச்சு கண்ணாடி மாதிரி வச்சிருப்பாங்க. மரத்த காலுக்கு அது தெரியாது. எண்ணெய் போடுறதை நிறுத்திட்டு வெறும் தண்ணியில துடைங்க, ஈரம் காயற வரைக்கும் அவங்களை நடக்க விடாதீங்க. நிலைப்படி ஒவ்வொண்ணும் உயரம், விளிம்புல வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு போடுங்க. வளவைத் தாண்டிக் கழிவறைக்குப் போற வழியில ராத்திரி விளக்கு. பட்டன் போட வரலை, பென்சில் நழுவுதுன்னா டாக்டர்கிட்ட சொல்லணும், மருந்து அளவை மாத்துவாங்க. “சரியாப் போயிடும்”னு பொறுத்துக்கிட்டா அது அப்படியே நின்னு போகவும் வாய்ப்பிருக்கு.

ரேடியேஷனைத்தான் யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. கீமோவைவிட அதுதான் படிப்பைக் கலைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், 15 தடவைன்னா மூணு வாரம், 25ன்னா அஞ்சு வாரம். மெஷின்ல படுக்கிறது கால் மணி நேரந்தான், ஆனா திருப்பத்தூர், மேலூர் வழியா பஸ்ல போயிட்டு வந்தா பகல் முழுக்கப் போயிடும். மதுரைல ரூம் எடுத்துத் தங்குறதா, தினம் போறதான்னு பாக்லிடாக்செல் பாதியில இருக்கும்போதே முடிவு பண்ணிடுங்க. தங்குறதுன்னா பிள்ளைங்களுக்கு அத்தனை வாரமும் ஆயா (அம்மாவோட அம்மா) வீடு, கூடவே ரெண்டாவது பை. சனி, ஞாயிறு அம்மா வீட்டுக்கு வந்திடலாம். வெளியிலேர்ந்து கொடுக்கிற ரேடியேஷன்ல உடம்புல ஒண்ணும் தங்காது, பிள்ளைங்களைப் பக்கத்துல படுக்க வச்சுக்கலாம். நெஞ்சுல மை போட்டுக் கோடு வரைஞ்சிருந்தா தேய்ச்சுக் குளிக்கக் கூடாது, சின்னவகிட்ட அதைச் சொல்லி வைங்க, எச்சில் தொட்டு அழிக்கப் பார்ப்பா.

பல்லவன்_பயணி எழுதியது:

செலவுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார். சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் மையம் இருக்கிறது. குடும்ப அட்டையில் மனைவியின் பெயர் சரியாக இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள், இனிஷியல் மாறியிருந்தாலே திரும்ப அலைய வேண்டும். ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, கீமோவுக்கு ஒவ்வொரு தடவையும் அனுமதி வாங்குகிறார்களா என்று அவர்களின் காப்பீட்டு மேஜையிலேயே கேட்கலாம். பயாப்ஸி, ஐ.எச்.சி., ஆபரேஷன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஐந்தைந்து நகல். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மதுரைக்கு பஸ்தான், ரயில் மானாமதுரை சுற்றிப் போகும். இரண்டாவது கருத்துக்குச் சென்னை போவதாக இருந்தால் ரயிலில் சலுகை உண்டு: ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் எழுதி வாங்கினால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. பல்லவன் மாதிரி உட்கார்ந்து போகும் வண்டியில் இருவருக்கும் 75. கவுன்ட்டரில் எடுக்க வேண்டும்.

மளிகைக்கடை_காரைக்குடி எழுதியது:

நன்றி. ஒன்றே ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முடி. சின்னவளுக்கு எப்படிச் சொல்வது?

கீமோ_வார்டு_சிஸ்டர் எழுதியது:

முதல் ஏ.சி. ஏறி ரெண்டு மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிக்கும், அநேகமா உங்க முதல் நல்ல வாரத்துல. அதுக்கு முன்னாடி, 10 நாளுக்குள்ள, தோள் வரைக்கும் வெட்டிடுங்க. நீளமாக் கொட்டினா பார்க்கிறவங்களுக்குத்தான் பயம்.

மொட்டைன்னா ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும், பழனிக்கோ குலசாமிக்கோ அவளுக்கே போட்டிருப்பீங்க. ஆனா சாமிக்குன்னு பொய் சொல்லிடாதீங்க, “எப்ப வேண்டிக்கிட்டோம், என்னை ஏன் கூட்டிட்டுப் போகல”ன்னு கேப்பா. அதைவிட, நாளைக்கு நிஜம் சொன்னாலும் நம்ப மாட்டா. கேன்சர்ங்கிற வார்த்தையையே சொல்லிடுங்க. முகப்புல உட்கார்ந்து சொந்தக்காரங்க குசுகுசுன்னு பேசுறதை எப்படியும் கேட்கத்தான் போறா. இது ஒட்டாது, நீ சேட்டை பண்ணினதால வரலை, அம்மா படுத்திருக்கிற நாள்ல உனக்கு அப்பத்தா சோறு ஊட்டுவாங்க. இந்த மூணும் போதும். அப்புறம் மருந்துதான் முடியை உதிர வைக்குது, பாக்லிடாக்செலும் முடிஞ்ச பிறகு வளரும்னு சொல்லுங்க. முதல்ல பஞ்சு மாதிரி வரும், சில பேருக்குச் சுருட்டையா வரும்.

புருவ முடியும் இமை முடியும் சேர்ந்து போகலாம், அதைத்தான் சொல்ல மறந்திடுவாங்க. முகம் மாறுறது அதுலதான். கொட்டுற வாரத்துல வளவைக் கூட்டும்போது முடி காத்துல பறந்து சோத்துல விழும். துடைப்பத்துக்குப் பதிலா ஈரத்துணியால ஒத்தி எடுங்க, தலையணைக்குப் பழைய பருத்தி வேட்டியைச் சுத்தி விட்டுட்டுக் காலையில அப்படியே உதறிடுங்க.